மறதி எட்டிப் பார்க்கும் வயதில் மூளைப் பயிற்சியும் மனத்துணையும்

மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் நவம்பர் முதல் வாரத்தில் வங்கிக்குப் போய், கைரேகை வைத்து, உயிர்வாழ் சான்றிதழைப் பதிவு செய்துவிட்டு வருகிறார். தனியாகப் பேருந்தில் போய், தனியாகவே திரும்பியும் வருகிறார். பத்து நாள் கழித்து அதே கோப்பை எடுத்துக்கொண்டு அதே வங்கியில் போய் வரிசையில் நிற்கிறார். 'போன வாரமே கொடுத்துவிட்டீர்களே, சார்' என்று காசாளர் சொல்லும்போது அவருக்குச் சுருக்கென்றிருக்கிறது. கொடுத்த நினைவு மங்கலாகக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து யாரிடமும் அதைப்பற்றிப் பேசுவதில்லை.

இந்த மனிதருக்கு மறதி நோய், அதாவது டிமென்ஷியா, வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அவர் குளிக்கிறார், உடுத்துகிறார், சமைத்ததைப் பரிமாறிச் சாப்பிடுகிறார், வழி தவறாமல் போய் வருகிறார், பேரனுக்குக் கணக்கும் சொல்லித் தருகிறார். ஆனால் இது வயதானால் எல்லோருக்கும் வருகிற சாதாரண மறதியும் அல்ல. சாதாரண மறதியில் பெயர் உடனே நினைவுக்கு வராமல் சற்று நேரம் கழித்து வரும், அல்லது யாராவது முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தால் வந்துவிடும். இங்கே நிகழ்ச்சியே பதியாமல் போயிருக்கிறது, எடுத்துக் கொடுத்தாலும் வருவதில்லை. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையை மருத்துவர்கள் 'லேசான அறிவாற்றல் குறைபாடு' என்கிறார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரொனால்ட் பீட்டர்சனும் அவருடைய குழுவினரும் 1999-இல் இதற்கு வகுத்த வரையறைதான் பரவலாக ஏற்கப்பட்டது. முன்பிருந்த நிலையிலிருந்து ஒரு சரிவு இருக்க வேண்டும், அது சோதனையிலும் தெரிய வேண்டும், ஆனால் அன்றாட வாழ்க்கையைப் பிறர் உதவியின்றி நடத்தும் திறன் பெரிதும் குலையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

இது அரிதானதும் அல்ல. அமெரிக்க நரம்பியல் கழகம் 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 60 முதல் 64 வயது வரையுள்ளவர்களில் ஏறக்குறைய 7 விழுக்காட்டினருக்கும், 80 முதல் 84 வயது வரையுள்ளவர்களில் நான்கில் ஒருவருக்கும் இந்நிலை இருக்கிறது. இந்நிலையில் இருக்கும் 65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுகளுக்குள் டிமென்ஷியாவுக்குப் போகிறார்கள் என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. மற்றவர்களில் பலர் அப்படியே இருக்கிறார்கள், சிலர் பழைய நிலைக்குத் திரும்பியும் விடுகிறார்கள். ஆகவே, இந்தப் பெயரைக் கேட்டவுடன் 'இனி எல்லாம் முடிந்தது' என்று ஒரு குடும்பம் இடிந்து உட்கார வேண்டியதில்லை.

திரும்பி வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு மறதியின் காரணம் மூளைத் தேய்மானமே அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, காது கேளாமை, இரவில் பழக்கமாகிப்போன தூக்க மாத்திரை, ஒவ்வாமைக்கும் சிறுநீர் அடக்க முடியாமைக்கும் எடுத்துக்கொள்ளும் சில மருந்துகள் என்று பட்டியல் நீளம். சைவ உணவுக்காரராக இருந்து, சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிட்டு வருகிறவருக்கு பி12 குறைய இரண்டு காரணங்கள் இருக்கின்றன. இவற்றைச் சோதித்துச் சரிசெய்யாமல் நேரே மூளைப் பயிற்சியில் இறங்குவது ஓட்டைப் பானையில் நீர் மொண்டு ஊற்றுவதற்குச் சமம்.

சோதனையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. பொதுவாகப் பயன்படும் இரண்டு தாள் சோதனைகளும், அதாவது 1975-இல் வந்த சுருக்க மனநிலைத் தேர்வும் 2005-இல் வந்த மான்ட்ரியல் மதிப்பீடும், முப்பது மதிப்பெண்ணுக்கானவை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வதும், கனசதுரத்தை வரையச் சொல்வதும் பள்ளிக்கூடம் போனவருக்குப் பழகிய வேலைகள். பள்ளிக்கே போகாத ஒரு பாட்டி மதிப்பெண்ணில் சறுக்கலாம், ஆனால் அவரே நாற்பது ஆண்டுகளாகச் சீட்டுக் கணக்கையும் பால் கணக்கையும் மனத்திலேயே வைத்திருந்தவராக இருக்கலாம். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் கணக்கு இப்போது தடுமாறுகிறதா என்பதே. அதனால்தான் நல்ல மருத்துவர் தாளைப் பார்ப்பதற்குச் சமமாகக் கூட வந்திருப்பவரையும் தனியே உட்காரவைத்துக் கேட்கிறார்.

பயிற்சி என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு காரியங்கள்

'மூளைக்கு வேலை கொடுங்கள்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த அறிவுரைக்குள் தன்மையில் முற்றிலும் வேறான மூன்று முறைகள் கலந்து கிடக்கின்றன, இவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் அளவுக்கு மீறிய எதிர்பார்ப்பும் பிறகு ஏமாற்றமும் வருகின்றன.

முதலாவது, அறிவாற்றல் பயிற்சி. கவனம், நினைவு, வேகம் போன்ற ஒரு குறிப்பிட்ட திறனை எடுத்துக்கொண்டு, அதற்கென்று வடிவமைத்த பணிகளைப் படிப்படியாகக் கடினமாக்கித் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது இது. இரண்டாவது, அறிவாற்றல் தூண்டல். பாட்டு, பேச்சு, பழைய புகைப்படம், செய்தித்தாள், விளையாட்டு என்று பல வழிகளில் ஒரு சிறு குழுவை ஈடுபடுத்திப் பொதுவாக மனத்தைச் சுறுசுறுப்பாக வைத்திருப்பது. மூன்றாவது, அறிவாற்றல் மறுவாழ்வு. இது திறனை வளர்க்க முயல்வதில்லை. 'மாத்திரையை மறக்காமல் சாப்பிட வேண்டும்', 'பேத்தியின் தோழிகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்' என்று அந்த மனிதரே சொல்லும் ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு, மூளை ஒத்துழைக்காத இடத்தில் வேறு வழி அமைத்து அதை நடத்திக்கொடுப்பது.

முதல் வகைக்கு நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய சான்று, அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரை வைத்து நடந்த 'ஆக்டிவ்' ஆய்வு. நினைவுத் திறன், தருக்கத் திறன், பார்த்ததை விரைந்து உள்வாங்கும் வேகம் ஆகிய மூன்றில் ஒன்றில் மட்டும் ஒவ்வொரு குழுவுக்கும் பத்து அமர்வுகள் பயிற்சி தரப்பட்டது. எதில் பயிற்சி பெற்றார்களோ அதில் முன்னேறினார்கள், மற்ற இரண்டில் முன்னேறவில்லை. பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது தருக்கத்திலும் வேகத்திலும் பெற்ற பயன் ஓரளவு நிலைத்திருந்தது, நினைவுப் பயிற்சியின் பயன் நிலைக்கவில்லை. சமையல், பணக் கணக்கு, மருந்து போன்ற வேலைகளில் ஆய்வின் தொடக்கத்தில் இருந்த நிலை குறையாமல் இருக்கிறது என்று பயிற்சி பெற்றவர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் கூறினார்கள். பயிற்சி பெறாதவர்களில் அது 50 விழுக்காடு. இது சிறிய ஆதாயம்தான், ஆனாலும் உண்மையான ஆதாயம்.

இந்த ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு, நம் பேசுபொருளுக்கு அதுதான் நெருக்கமானது. பங்கேற்றவர்களில் தொடக்கத்திலேயே நினைவு குன்றியிருந்த சிலரைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, நினைவுப் பயிற்சி அவர்களுக்குப் பலன் தரவில்லை, தருக்கப் பயிற்சியும் வேகப் பயிற்சியும் மற்றவர்களுக்குத் தந்த அளவுக்கே தந்தன. பழுதுபட்ட இடத்தையே மீண்டும் மீண்டும் தட்டுவதைவிட, பழுதில்லாத இடத்தைப் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். மறதி இருக்கிறவருக்குத் தினமும் இருபது சொற்களைக் கொடுத்து 'மனப்பாடம் செய்யுங்கள்' என்று சொல்வது நொண்டுகிற காலிலேயே ஓடச் சொல்வதுதான்.

கைப்பேசிச் செயலிகளின் விளம்பரங்களையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். லுமோசிட்டி என்ற புகழ்பெற்ற மூளை விளையாட்டை நடத்திய நிறுவனம், முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்பது போன்ற போதிய ஆதாரமற்ற வாக்குறுதிகளைத் தந்ததாக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம்சாட்டி, 2016-இல் அந்நிறுவனம் 20 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. சுடோகு போடுகிறவர் சுடோகுவில் தேறுவார். அது அவருக்குப் பிடித்திருந்தால் தாராளமாகப் போடட்டும், ஆனால் அடுப்பை அணைத்தோமா என்பது அதனால் நினைவுக்கு வந்துவிடாது.

ஒரு குறிப்பேடும் ஒரு மருந்துப் பெட்டியும்

மூன்றாவது வகை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு மேயோ கிளினிக் நடத்தும் திட்டம் ஒன்று நல்ல எடுத்துக்காட்டு. லேசான குறைபாடு உள்ளவரும் அவரோடு வாழ்பவரும் இருவருமாகப் பத்து நாள்கள், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் அளவில் அங்கே வருகிறார்கள். நினைவுக் குறிப்பேட்டுப் பயிற்சி, கணினி வழிப் பயிற்சி, யோகா, இரு சாராருக்கும் தனித்தனி ஆதரவுக் குழு, உடல்நலக் கல்வி என்று ஐந்து அங்கங்கள் இதில் இருக்கின்றன.

இதன் முதுகெலும்பு சட்டைப் பைக்குள் அடங்கும் அந்தக் குறிப்பேடுதான். ஒவ்வொரு நாளுக்கும் அதில் மூன்று பகுதிகள்: நேரம் குறித்த காரியங்கள், நேரம் குறிக்காமல் இன்று செய்துவிட வேண்டியவை, நடந்தவற்றின் குறிப்பு. நம் வீட்டில் இது எப்படி இருக்கும்? முதல் பகுதியில் 'காலை 10.30, கண் மருத்துவர்' என்றிருக்கும். இரண்டாவதில் 'கேஸ் பதிவு செய்ய வேண்டும், தையல்காரரிடம் ரவிக்கை வாங்க வேண்டும்' என்றிருக்கும். மூன்றாவதில் 'உயிர்வாழ் சான்றிதழ் கொடுத்தாயிற்று, சீட்டு பீரோவில் நீலக் கோப்பில் இருக்கிறது, சின்னவன் தொலைபேசியில் பேசினான், மருமகளுக்குக் காய்ச்சல்' என்றிருக்கும். அந்த மூன்றாம் பகுதி இருந்திருந்தால் நாம் தொடக்கத்தில் பார்த்த மனிதர் இரண்டாம் முறை வங்கிக்குப் போயிருக்க மாட்டார். மறுநாள் மகன் பேசும்போது 'அவளுக்குக் காய்ச்சல் விட்டதா?' என்று தாமாகவே கேட்கவும் அவரால் முடியும். அந்த ஒரு கேள்வி உறவுக்குள் அவருடைய இடத்தைக் காப்பாற்றிக்கொடுப்பதை எந்த மதிப்பெண்ணும் காட்டாது.

குறிப்பேட்டை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பதில்தான் பல குடும்பங்கள் தோற்கின்றன. ஏடு இருப்பதே மறந்துபோகும். முதலில் எந்தப் பகுதியில் எது என்று பழக வேண்டும், பிறகு ஒவ்வொரு வேளையும் எடுத்து எழுதப் பழக வேண்டும், அதன்பின் தன் வாழ்க்கைக்கேற்ப அதை வளைத்துக்கொள்ளப் பழக வேண்டும். காலைக் காப்பியோடு ஒருமுறை, மதிய உணவுக்குப் பின் ஒருமுறை, இரவுச் செய்திக்கு முன் ஒருமுறை என்று ஏற்கெனவே நிலைத்துவிட்ட பழக்கங்களோடு அதை முடிச்சுப் போட வேண்டும். பழக்கம் மூளையில் குடியிருக்கும் இடம் வேறு, நேற்றைய நிகழ்ச்சி குடியிருக்கும் இடம் வேறு. இரண்டாவது சிதையத் தொடங்கிய பின்பும் முதலாவது நெடுநாள் கெட்டியாக இருக்கும் என்பதே இந்த முறையின் அடித்தளம். ஆகவே இதை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரும் ஒரு நினைவுக் கருவிதான். நேற்றைய தாளைக் கிழிப்பது ஒருவருடைய பொறுப்பு என்று ஆகிவிட்டால், அன்றைய தேதி நாள்தோறும் அவர் கண்ணில் படும்.

புதிதாக ஒரே ஒரு செய்தியைப் பதியவைக்க 'இடைவெளி விட்டு நினைவுகூர்தல்' என்றொரு முறை உண்டு. மாத்திரைப் பெட்டியை இனிமேல் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மகள் சொல்கிறார்: 'அப்பா, மாத்திரை சொம்புப் பக்கத்துல இருக்கு. மாத்திரை எங்க இருக்குப்பா?' அவர் உடனே 'சொம்புப் பக்கத்துல' என்கிறார். அரை நிமிடம் வேறு ஏதாவது பேசிவிட்டு மீண்டும் அதே கேள்வி, பிறகு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நான்கு, எட்டு என்று இடைவெளி இரட்டிப்பாகிறது. தடுமாறினால் யோசிக்கவிட்டுத் திணறவைக்காமல் விடையை உடனே சொல்லி, சொல்லவைத்து, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்கே திரும்ப வேண்டும். தவறான விடையை ஊகித்துச் சொல்லவிட்டால் அந்தத் தவறே பதிந்துவிடும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. நம் பள்ளிக்கூடப் பழக்கத்துக்கு இது நேர்மாறானது, 'நல்லா யோசிச்சுப் பாருங்க' என்ற சொல்லையே இங்கே மறந்துவிட வேண்டும்.

மனத்துணை என்றால் ஆறுதல் மொழி மட்டுமல்ல

லேசான நிலையில் இருப்பவருக்குத் தன் மறதி தெரியும் என்பதே இந்த நிலையின் வேதனை. தெரிவதால் வெட்கப்படுகிறார், வெட்கப்படுவதால் திருமணத்துக்கும் கோயிலுக்கும் போவதைக் குறைத்துக்கொள்கிறார், குறைத்துக்கொள்வதால் பேச்சும் நடையும் குறைகின்றன, மனம் சோர்கிறது, சோர்ந்த மனத்தில் மறதி இன்னும் கூடுகிறது. இந்தச் சுழலை அறுப்பதுதான் உளசமூக ஆதரவின் வேலை. அதனால் அது பயிற்சிக்கு ஒட்டுப்போட்ட துணைச் சங்கதி அல்ல, பாதி மருத்துவமே அதுதான்.

மேயோ குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குச் சான்று. ஐந்து அங்கங்களில் ஏதேனும் ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு மற்ற நான்கையும் 272 இணைகளுக்கு அளித்து, ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். மனநிலையைப் பொறுத்தவரை கணினிப் பயிற்சியைவிட உடல்நலக் கல்விக்கும், நினைவு சார்ந்த அன்றாடச் செயல்களைப் பொறுத்தவரை ஆதரவுக் குழுவைவிட யோகாவுக்கும் கூடுதல் பங்கு இருந்தது தெரியவந்தது. மிகவும் 'மூளை' சார்ந்ததாகத் தோன்றும் கணினிப் பயிற்சி அங்கே முதலிடம் பிடிக்கவில்லை.

வீட்டுக்குள் இந்த ஆதரவு எங்கே பிசகுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். விருந்தாளி வருகிறார். செருப்பைக் கழற்றும்போதே 'சித்தி, என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்' என்கிறார். சுற்றிலும் பத்துப் பேர் விடைக்காகக் காத்திருக்கிறார்கள். பாசத்தில் கேட்கிற கேள்விதான், ஆனால் அந்த அம்மாளுக்கு அது நடுக்கூடத்தில் வைத்த பரீட்சை. 'சித்தி, திருச்சியிலேருந்து மாலதி வந்திருக்கேன், உங்க அக்கா பொண்ணு' என்று சொல்லிக்கொண்டே கையைப் பிடித்தால் பரீட்சையும் இல்லை, தோல்வியும் இல்லை, பேச்சு அங்கிருந்தே தொடங்கும்.

இன்னொன்று அன்பினாலேயே நடக்கிறது. சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டார் என்று, 'விடுங்க அத்தை, நான் பாத்துக்கறேன்' என மருமகள் கரண்டியை வாங்கிக்கொள்கிறார். அடுத்த மாதம் காய் நறுக்குவதும் போய்விடுகிறது, அதற்கடுத்து அவர் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய ஐம்பது ஆண்டுப் பயிற்சிக்களம் அந்த அடுக்களைதான், எந்தச் செயலியும் அதற்கு ஈடாகாது. அன்றைய சமையலுக்கான உப்பை ஒரு சிறு கிண்ணத்தில் அளந்து வைத்துவிட்டு, கிண்ணம் காலியென்றால் போட்டாயிற்று என்று வைத்துக்கொண்டால் சமையல் அவரிடமே இருக்கும். வேலையைப் பிடுங்காமல் வேலையிலுள்ள மறதியின் இடத்தை மட்டும் மாற்றியமைப்பதற்குப் பெயர்தான் மறுவாழ்வு.

குழுவாகக் கூடிச் செய்யும் தூண்டல் முறை பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஏமி ஸ்பெக்டரும் அவருடைய சக ஆய்வாளர்களும் உருவாக்கி 2003-இல் ஆய்வு முடிவுகளை வெளியிட்ட அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை, வாரம் இருமுறை என ஏழு வாரங்களில் 14 அமர்வுகளாக நடப்பது. இது டிமென்ஷியா தொடக்க, நடு நிலைகளில் இருப்பவர்களுக்காக வகுக்கப்பட்டது. சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனத்தார் இதைத் தமிழ்ச் சூழலுக்கேற்ப மாற்றி நடத்திப் பார்த்திருக்கிறார்கள். அதன் விதிகளுள் ஒன்று லேசான குறைபாடு உள்ள வீடுகளுக்கும் அப்படியே பொருந்தும்: தகவலைக் கேட்காதே, கருத்தைக் கேள். 'இந்தப் படம் எந்த வருஷம் வந்தது?' என்ற கேள்விக்குத் தவறான விடை உண்டு. 'அந்தக் காலத்துப் பாட்டு நல்லா இருந்துதா, இப்பத்திய பாட்டு நல்லா இருக்கா?' என்ற கேள்விக்குத் தவறான விடையே கிடையாது, ஆனாலும் விடை சொல்ல நினைவும் ஒப்பீடும் மொழியும் எல்லாம் வேலை செய்தாக வேண்டும்.

கூட இருப்பவருக்கும் துணை வேண்டும். ஒரே கேள்வியை ஒரு நாளில் ஏழு முறை கேட்டால் எட்டாம் முறை யாருக்கும் குரல் உயரும். அது குணக்கேடு அல்ல, களைப்பு. வாரத்தில் ஓரிரு அரை நாளாவது வேறொருவர் பொறுப்பேற்றுக்கொள்வதும், அதே நிலையில் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு பேசுவதும் அதற்கு மருந்து. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416, இரண்டுமே கட்டணமில்லாதவை.

உடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் சர்ச்சை அதிகம் இல்லாத பகுதி இது. மேலே சொன்ன 2018 வழிகாட்டுதல், குறைபாட்டை நிறுத்தும் மருந்து எதையும் பரிந்துரைக்க முடியவில்லை என்று கூறி, வாரம் இருமுறை உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. 9,361 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வு, மேல் ரத்த அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு இந்த லேசான குறைபாடு வருவது 19 விழுக்காடு குறைந்ததை 2019-இல் காட்டியது. எவருக்கு எந்த அளவு இலக்கு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், மயக்கமும் விழுதலும் உள்ள முதியவருக்கு அது வேறுபடும். பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரிடம் நடந்த ஃபிங்கர் ஆய்வு, உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்தநாள நலக் கண்காணிப்பு ஆகிய நான்கையும் ஒன்றாகச் சேர்த்து இரண்டு ஆண்டுகள் செய்தபோது அறிவாற்றல் மதிப்பெண்கள் மேம்பட்டதை 2015-இல் வெளியிட்டது. காது கேட்காதவருக்குக் காதுக்கருவியும் இந்த வரிசையில் சேரும், கேட்காத சொல் எப்படிப் பதியும்?

பணத்தையும் பத்திரத்தையும் பற்றிப் பேச வேண்டிய காலமும் இதுவே. தன் விருப்பத்தைத் தானே சொல்லவும் புரிந்து கையெழுத்திடவும் அவரால் முடிகிற இந்த நிலையில், உயில், வங்கி நியமனதாரர், யார் எதைக் கவனிப்பது என்பவற்றை அவரை முன்னிறுத்தியே முடிவு செய்ய வேண்டும், அவருக்குப் பின்னால் கூடி அல்ல. தொலைபேசியில் ஓடிபி கேட்பவனிடம் ஏமாறும் ஆபத்து இந்நிலையில் கூடுதல் என்பதால், பெருந்தொகை இருக்கும் கணக்கையும் அன்றாடச் செலவுக்கான கணக்கையும் பிரித்துவைத்து, கைப்பேசிப் பணப்பரிமாற்றத்தைச் சிறிய கணக்கோடு மட்டும் இணைத்துவிடலாம். இதனால் அவர் கையில் காசு இல்லாமலும் போகாது.

ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை அதே மருத்துவரிடம் காட்டி நிலையை ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, சில்லறைக் கணக்கு குழம்புவது, அடுப்பை அணைக்காமல் விடுவது அடிக்கடி நேர்வது ஆகியவை தெரிந்தால் அந்தத் தவணைக்குக் காத்திருக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள்களுக்குள் திடீரென்று குழப்பம் ஏற்பட்டு, பகல் இரவு தெரியாமல் பேசுகிறார், அல்லது பகலெல்லாம் தூங்கி வழிகிறார் என்றால் அது மறதி முற்றியதாக இருக்க வாய்ப்புக் குறைவு. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய மருந்து, கீழே விழுந்ததில் தலைக்குள் கசிந்த ரத்தம், பக்கவாதம் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம், எனவே அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போக வேண்டும்.